வேற்றுமை உருபு

மென்பொருள் முதல் நாள் தந்த வாக்கியம்:
குதிரை ஆப்பிள் தின்கிறது.
துர்க்குவில் மூன்று குளிர்காலம் கழித்துவிட்டேன்.
கப்பல் தளத்தில் தகடு பற்றவைப்பவளிடம்
குதிரையைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை.

பட்டியலின் அடியில் ஒரு பொத்தான்:
'உங்கள் சொந்தப் பாடங்களைச் சேர்க்க'.
சொந்தம் என்று இந்த மொழியில் என்னிடம் என்ன இருக்கிறது?
சம்பளச் சீட்டு. பால் அட்டைப்பெட்டி.
அப்புறம், நிலவறைச் சலவை அறையில்
ஏ-பதினான்காம் வீடு ஒட்டிவைக்கும் காகிதங்கள்.

கட்டம் போட்ட தாள், நீல மை,
நான்கு மூலையிலும் ஒட்டுநாடா.
"உலர்த்தியின் வடிகட்டியில் பஞ்சு. மறுபடியும்."
"ஏழு மணி என்றால் ஏழு மணி. ஏழு ஐந்து அல்ல."
"சாம்பல் நிறச் சாக்ஸ் ஒன்றைக் காணவில்லை.
நான்காவது வாரமாகக் கேட்கிறேன்."
படம் பிடித்தேன், வெட்டினேன், அட்டைகளாக்கினேன்.
நாற்பத்தொரு கண்டனங்கள்.
பஞ்சுக்கு இவர்கள் சொல் நுக்கா;
நன்றிக்கு முன்பே அதைக் கற்றுக்கொண்டேன்.

குரலும் வேண்டும் என்றது மென்பொருள்.
மூன்றாம் மாடி ஒன்னி, ஏழு வயது,
அட்டைக்கு ஓர் உப்பு மிட்டாய் என்று பேரம் பேசி
படிக்கட்டில் உட்கார்ந்து வாசித்துத் தந்தான்.
முன்பல் இரண்டும் விழுந்திருந்த மாதம் அது.
ஆகவே விடியாத காலைப் பேருந்தில்
என் காதுக்குள் ஒரு பொக்கைவாய் அதட்டுகிறது:
மறுபடியும். மறுபடியும்.

தவறினால் அட்டை நாளைக்கே திரும்பி வரும்.
சரியென்றால் நான்கு நாள், பிறகு பதினொன்று,
பிறகு ஒரு மாதம் கழித்து.
நன்றாகத் தெரிந்தவர்கள்தாம் அபூர்வமாக வருவார்கள் என்பது
ரூசேயில் இருக்கும் என் அக்காவை வைத்து
எனக்கு முன்பே தெரியும்.

பதினைந்து வேற்றுமை இந்த மொழிக்கு.
பதினாறாவது,
பேருந்தில் என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருப்பது
என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.
இங்கே எல்லார் பக்கத்திலும் அது காலிதான்.

மேற்பார்வையாளர் தாய்ஸ்தோ ஒருநாள்
முகக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்:
"ஸ்த்ராவ்கா, நீ வாயைத் திறந்தால்
குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குப்
பால்பல் விழுந்த மாதிரி இருக்கிறது."
நான் கேட்டது இவ்வளவுதான்:
வாயு உருளை ஒன்றைக் காணவில்லை.
இரண்டாவது முறையாகக் கேட்கிறேன்.

பிப்ரவரியில்,
துணி சுழலும் உருளைக்கும் ரப்பர் வளையத்துக்கும் நடுவே
விரல் விட்டு நெம்பியபோது
வந்தது அந்தச் சாக்ஸ், ஈர எலி போல.
பதில் எழுத உட்கார்ந்தேன்,
ஏ-பதினான்கின் சொற்களையே கடன் வாங்கி.
வேறு சொற்கள் எனக்கு ஏது?
"சாம்பல் நிறச் சாக்ஸ். இயந்திரத்தில் கண்டெடுத்தேன்.
உலர்ந்துவிட்டது. கொக்கியில் தொங்குகிறது.
ஏழு மணி."
கடைசி இரண்டு சொல் எதற்கென்று தெரியவில்லை,
அவர் காகிதங்களில் அப்படித்தான் முடியும்.
நான்கு மூலையிலும் ஒட்டுநாடா.

மறுநாள் கொக்கி காலி.
காகிதம் இருந்தது. அதில் ஒரே ஓர் எழுத்தின் மேல் சிவப்புக் கோடு:
ஸகரத்தை அடித்து, தலைக்கு மேல் ஒரு தகரம்.
இந்த மொழியில் எதையும் ஒன்றில் கண்டெடுக்க முடியாதாம்;
ஒன்றிலிருந்துதான் கண்டெடுக்க வேண்டுமாம்.
கீழே வேறெதுவும் இல்லை.
நன்றி இல்லை, கையெழுத்து இல்லை.
கோடு மட்டும் அளவுகோல் வைத்துப் போட்டது.

படம் பிடித்தேன். நாற்பத்திரண்டாவது அட்டை.
ஒன்னிக்குப் பல் முளைத்துவிட்டது,
கூலியும் இரண்டு மிட்டாயாக ஏறிவிட்டது.
இன்று காலை பேருந்தில் அது வந்தபோது
விடை தெரிந்தும்
'தவறு' என்று அழுத்தினேன்.
நாளைக்கே வரட்டும்.